கெஞ்சிய குரல்

அன்புள்ள பேராசிரியர் கிளென் ஃபிராங்க் அவர்களுக்கு,

நீங்கள் காலமாகிப் பல வருடம் ஆகிறது. இருந்தாலும் எழுதத் தோன்றியது. உங்கள் குரல் இருக்கும் பழைய ஒலிப்பதிவை நேற்று ராத்திரி மூன்று தடவை கேட்டேன்.

அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் என்றால் எனக்கு வெகுநாள் அந்தப் புகைப்படம் மட்டும்தான். சுடப்பட்டுத் தரையில் குப்புறக் கிடக்கும் மாணவர் ஜெஃப்ரி மில்லர், பக்கத்தில் மண்டியிட்டுக் கதறும் 14 வயதுப் பெண். அதற்கு அடுத்த அரைமணி நேரத்தில் என்ன நடந்தது என்று நான் யோசித்ததே கிடையாது.

கம்போடியாவுக்குள் படையை அனுப்புவதாக அதிபர் நிக்சன் அறிவித்தார், மாணவர்கள் எதிர்த்துப் போராடினார்கள், வளாகத்தில் மாணவர் ராணுவப் பயிற்சிக் கட்டடம் எரிந்தது, தேசியக் காவல் படை வந்திறங்கியது. இது ஊரறிந்த கதை. 1970 மே 4, திங்கட்கிழமை, பகல் 12:24. டெய்லர் ஹால் பக்கம் மேட்டில் ஏறிய சிப்பாய்கள் சட்டென்று திரும்பிச் சுட்டார்கள். 13 நொடி, 67 தோட்டா. வெறும் வேட்டுச் சத்தம் என்றுதான் பலர் நினைத்தார்களாம். அங்கே நிற்கும் இரும்புச் சிற்பத்தின் தகட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு தோட்டா போயிருக்கிறது. அந்த ஓட்டை இன்னும் இருக்கிறது. நான்கு பேர் செத்தார்கள், ஒன்பது பேருக்குக் காயம். செத்தவர்களில் சாண்ட்ரா ஷூயர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தவர். சுட்டவர்களுக்கும் அவருக்கும் நடுவே 100 மீட்டருக்கு மேல் இடைவெளி. இன்னொருவரான வில்லியம் ஷ்ரோடர் அந்த ராணுவப் பயிற்சியிலேயே சேர்ந்திருந்த மாணவர்!

அப்புறம்தான் நீங்கள் வருகிறீர்கள். பிள்ளைகள் கலைய மாட்டோம் என்று சரிவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். படை மறுபடி முன்னேறத் தயாராக நிற்கிறது. ஒரு ஜியாலஜி வாத்தியார் நடுவில் போய் நிற்கிறார். இதுவரை யார் பேச்சையும் கேட்காதவர்களாக இருந்தாலும் சரி, இப்போது உங்களிடம் கெஞ்சுகிறேன் என்கிறீர்கள். போகாவிட்டால் படுகொலைதான் என்கிறீர்கள். குரல் உடைகிறது.

நானும் வாத்தியார்தான். 'சொன்னால் கேளுங்கடா' என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை கத்துகிறேன். ஒருநாளும் கெஞ்சியதில்லை. கெஞ்சினால் மரியாதை போய்விடும் என்று ஒரு பயம். நீங்கள் கெஞ்சினீர்கள், பிள்ளைகள் எழுந்து போனார்கள்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எரிச்சலூட்டுகிற கதை. கருத்துக்கணிப்பில் 58 சதவீதம் பேர் மாணவர்கள் மேல்தான் தப்பு என்றார்கள். 1979-ல் 6,75,000 டாலர் இழப்பீடு, வருத்தம் தெரிவித்து ஓர் அறிக்கை, அவ்வளவுதான். சுட்டதற்காக யாரும் சிறைக்குப் போகவில்லை.

அன்றைக்கே பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார்கள். மீதிப் பாடங்களைத் தபாலிலும் ஆசிரியர்கள் வீட்டிலும் வைத்து முடித்தார்களாம். உங்கள் மாணவர்களின் தாள்களும் தபாலில் வந்திருக்குமோ? உறையைப் பிரித்ததும் முதலில் பெயரைத்தான் பார்த்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது.

என் மேஜையிலும் ஒரு கட்டு விடைத்தாள் கிடக்கிறது. காலையில் கொடுத்தாக வேண்டும். இன்னும் ஒன்றுகூடத் திருத்தவில்லை.

அன்புடன்,
ஒரு வாத்தியார்