ராயபுரத்திலிருந்து குமாருக்கு

ராயபுரம்,
25-5-2025

அன்புள்ள குமாருக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. படித்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். இந்த மாதம் பாகிஸ்தானோடு நடந்த சண்டையில் மனசு சரியில்லாமல் எதையாவது எழுதிவிடுவேன் என்று எடுத்து வைத்துவிட்டேன். ஜம்முவில் காவல் நிற்கும் உன் பையன் போனில் பேசினான் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை நானும் என் வீட்டுக்காரியும் மாற்றி மாற்றிப் படித்தோம். அன்று சாயங்காலமே அங்காளம்மன் கோயிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்தாள்.

இங்கே மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன. 7-ஆம் தேதி நம்ம துறைமுகத்தில் போர்க்கால ஒத்திகை நடந்தது. உடனே தெருவில் பெரியவர்கள் எம்டன் கதையை எடுத்துவிட்டார்கள். 1914-இல் அந்த ஜெர்மன் கப்பல் சுட்டதில் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததை நம் தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இப்போது மணலியில் சுத்திகரிப்பு ஆலையே இருக்கிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

"ரெண்டு பேர்கிட்டயும் அணுகுண்டு இருக்கறதாலதான் நாலே நாள்ல நின்னுச்சு"ன்னு எழுதியிருக்கிறாய். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1971-க்குப் பிறகு நமக்குள் முழுப்போர் வரவில்லை. அமெரிக்காவும் ரஷ்யாவும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளவில்லை. ஆனால் 1998 மே மாதம் இரண்டு நாடும் குண்டு வெடித்துக் காட்டின. ஒரு வருஷம் திரும்புவதற்குள் கார்கில். நம் பக்கம் மட்டும் 527 பேர் போனார்கள். விமானப்படைகூட எல்லைக்கோட்டைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு இருந்தது. எதிராளி ஓர் அளவுக்கு மேல் போகமாட்டான் என்கிற தைரியத்தில்தானே இந்தச் சண்டைகளை ஆரம்பிக்கிறார்கள்? அதில் சாகிறவன் உன் பையன் வயசுக்காரன்.

அதைவிட எனக்குப் பெரிய பயம், தவறுதலாக ஏதாவது கிளம்பிவிடுமோ என்பதுதான். நான் ஓட்டின அந்த கிரேன் ஞாபகம் இருக்கா? லிவரை நடுவில் கொண்டுவந்துவிட்டேன், கொக்கி நிற்காமல் மேலே ஏறிக்கொண்டே போச்சு. கப்பியில் முட்டுவதற்குள் நிறுத்த வேண்டிய லிமிட் சுவிட்சும் வேலை செய்யவில்லை. கீழே நின்று நீ ரெண்டு கையையும் ஆட்டிக் கத்தின பிறகுதான் மெயினை அணைத்தேன். அன்று காலையில்தான் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

2022 மார்ச் 9 அன்று நம் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானில் மியான் சன்னு பக்கம் போய் விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அப்புறம் 3 அதிகாரிகளை வேலையை விட்டு நீக்கினார்கள். அந்தப் பக்கம் அவசரப்பட்டிருந்தால்? 1962-இல் அமெரிக்காவும் சோவியத்தும் போரின் விளிம்புக்கே போன கியூபா நெருக்கடியின்போது, சோவியத் நீர்மூழ்கிக்குள் கேப்டன் அணு டார்பிடோவை ஏவத் தயாரானபோது ஆர்க்கிபோவ் என்கிற அதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை. 1983-இல் ஐந்து அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகக் கருவி காட்டியபோது, இது பொய்யாகத்தான் இருக்கும் என்று பெட்ரோவ் என்கிற சோவியத் அதிகாரி முடிவெடுத்தார். மேகத்தில் பட்ட வெயிலைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று நினைத்திருக்கிறது. அந்த ரெண்டு நாளும் உலகத்தைக் காப்பாற்றியது குண்டு இல்லைடா, கீழே நின்று கத்தின உன்னை மாதிரி ஒருத்தன்.

அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவே ஏவுகணை வந்து சேர அரை மணி நேரமாவது ஆகும். நமக்கும் பாகிஸ்தானுக்கும் நடுவே அது சில நிமிஷம்தான். அதற்குள் யார் யாருக்குப் போன் போட்டு, எது நிஜம் என்று கேட்பது? உன் பையன் காவல் நிற்கும் இடத்தை நினைக்கும்போதெல்லாம் இந்த நிமிஷக் கணக்குதான் மண்டைக்குள் ஓடுகிறது. குண்டு இருக்கிறது, பயமில்லை என்று நீ எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜூன் 14 ராத்திரியோடு தடை முடிகிறது. அவனுக்கு லீவு கிடைத்தால் நேரே இங்கே கூட்டிக்கொண்டு வா. போனவாட்டி வந்தபோது வஞ்சிரம் கேட்டான், கிடைக்கவில்லை. இந்தமுறை நானே விடியற்காலையில் ஏலத்துக்குப் போய் வாங்கி வைக்கிறேன்.

உன்,
செல்வம்