கண்ணாடி மணி செய்யும் மகளுக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

நீ அனுப்பிய படத்தில் மணிகளின் நிறம் மனத்தை நிறைத்தது. ஆனால் கண்ணாடியை உருக்கும் டார்ச்சுக்காக மேசைக்கு அடியில் நிற்கும் புரோப்பேன் எரிவாயுச் சிலிண்டரைப் பார்த்தபின், வெல்டிங் பட்டறையிலேயே காலம் கழித்த எனக்கு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தச் சிலிண்டரை இன்றே வீட்டுக்கு வெளியே மாற்றிவிடு. 20 பவுண்டு சிலிண்டரில் ஏறத்தாழ 9 கிலோ வாயு இருக்கும். அந்த அளவுச் சிலிண்டரைக் குடியிருப்புக்குள் வைக்க, அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 58 விதிநூல் இடம் தருவதில்லை. புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால், கசிந்தால் மேலெழுந்து கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து, உன் கார் ஷெட்டின் மூலையில் இருக்கும் வெந்நீர்க் கொதிகலனின் சிறு சுடர் வரை சென்றுவிடும். காற்றில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் கலந்தாலே அது தீப்பிடிக்கும். நம் சமையல் எரிவாயுவில் வருவது போன்ற வாடையை அதிலும் சேர்த்திருக்கிறார்கள் என்றாலும், கொஞ்ச நேரத்தில் மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடும். ஆகவே தரையை ஒட்டி ஒரு கேஸ் அலாரம் பொருத்து. கார்பன் மோனாக்சைடு அலாரம் புரோப்பேன் கசிவை உணராது; அதற்கு இது ஈடாகாது, இரண்டும் தனித்தனியாக வேண்டும்.

வெளியே சிலிண்டர் ஜன்னலுக்கு அருகில் இல்லாமல், நிமிர்ந்தே நிற்க வேண்டும். அங்கிருந்து உள்ளே வரும் குழாயை உரிமம் பெற்றவரைக் கொண்டே போட்டுக்கொள். மேசையில் உட்கார்ந்தபடி எட்டும் தூரத்தில் ஒரு வால்வு இருக்கட்டும்.

டார்ச்சுக்கு வாயு கொண்டுவரும் ரப்பர் ஹோஸ் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதே. அதன் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படித்துப் பார்: புரோப்பேனுக்கு 'டி' கிரேடுதான் ஏற்றது; 'ஆர்' கிரேடு வெல்டிங் வாயுவான அசிட்டிலினுக்கு மட்டும் உரியது, புரோப்பேன் அதன் உட்புற ரப்பரைக் கெடுத்துவிடும். புரோப்பேன் பக்கத்தில், சிறு வெட்டுக்கோடு போட்ட நட்டு இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். வராத நட்டை ஸ்பானரால் வலிந்து திருகாதே. ஒவ்வொரு முறை மாட்டிய பிறகும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, பொறுமையாகப் பார். ஊசிமுனை அளவுக் கசிவிலும் ஒரு குமிழி மெல்லப் பெரிதாவது தெரியும். டார்ச்சுக்கு ஆக்சிஜன் வரும் பக்கத்தில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது.

பற்றவைக்கும்போது முதலில் புரோப்பேன், பிறகு ஆக்சிஜன். அணைக்கும்போது முதலில் ஆக்சிஜனை நிறுத்திவிட்டு, வெளியே சென்று சிலிண்டரை மூடிவிடாமல், மேசையருகே உள்ள வால்வை மூடி, டார்ச்சில் மஞ்சள் சுடர் தானே அடங்கும் வரை உட்கார்ந்திரு. டார்ச்சின் வால்வை மூடிய பிறகு போய்ச் சிலிண்டரையும் மூடு. மேசைக்கு மேலே புகைபோக்கி விசிறி ஓடும்போது, உன் முதுகுப் பக்கம் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். வெளியே போகும் காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்று வராவிட்டால் விசிறி வெறுமனே சுழலும்.

சிலிண்டரை மாற்றியதும் எனக்கு ஒரு படம் அனுப்பு.

அன்புடன்,
அப்பா