ஈரத்துணியை மறந்துவிட்டோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த கோடைப் பயணக் குறிப்புகளில், குடிநீரைப் பற்றி ‘ஐஸ் பெட்டி எடுத்துச் செல்லுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தீர்கள். அது எனக்குப் போதவில்லை.

சித்திரை மாதம் பேரப்பிள்ளைகளோடு திருமயம் கோட்டைக்குப் போனோம். தண்ணீர் பாட்டில்களைக் காரிலேயே வைத்துவிட்டு ஏறினோம். இறங்கி வந்து திறந்தால் வாயில் வைக்க முடியாத சூடு, பிளாஸ்டிக் வாடை வேறு. சின்னவன் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “வேண்டாம் அப்பத்தா” என்று துப்பிவிட்டான். நா வறண்ட பிள்ளைக்குக் கொடுக்க நல்ல தண்ணீர் இல்லாமல் நின்றதை நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை.

என் சிறுவயதில் குன்றக்குடிக்கு வண்டி கட்டிப் போகும்போது, கூஜாவைச் சுற்றிப் பழைய வேட்டித் துண்டை நனைத்துக் கட்டி, காற்றுப் படும்படி தொங்கவிடுவார்கள். துணி காயக் காயத் தண்ணீர் தெளிப்பது எங்கள் வேலை. ஈரம் ஆவியாகும்போது பாத்திரத்தின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அந்தக் கணக்கில், துணியிலிருந்து 10 கிராம் ஈரம் போனாலே ஒரு லிட்டர் தண்ணீர் 5 டிகிரிக்கு மேல் குளிர வேண்டும். சுற்றியுள்ள அனல் விடாமல் சூடேற்றுவதால் முழுதாக அவ்வளவு இறங்காது. ஆனாலும் குடிக்கும்போது வித்தியாசம் நன்றாகவே தெரியும். நம் செட்டிநாட்டு வறண்ட காற்றுக்கு இது தோதான வழி. தொண்டிக் கடற்கரைக்குப் போனால் காற்றிலேயே ஈரம் இருப்பதால் பலன் குறைவு.

மண் பாட்டிலுக்குத் துணிகூட வேண்டாம், தானே கசிந்து குளிரும். வர்ணம் பூசியதை மட்டும் வாங்காதீர்கள், நுண்துளைகள் அடைபட்டிருக்கும். இரட்டைச் சுவர் பிளாஸ்க்குக்கு ஈரத்துணி கட்டிப் பயனில்லை. அதில் முதலில் குளிர்ந்த நீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு கழுத்துவரை நிரப்ப வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குளிர்ந்த தண்ணீரெல்லாம் சுத்தமான தண்ணீர் ஆகிவிடாது. காய்ச்சி ஆறவைத்ததையே நிரப்புங்கள். தேற்றான்கொட்டை கலங்கலைத் தெளிய வைக்கும், கிருமியைக் கொல்லாது. அண்ணாந்து குடிக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். மிச்சத்தை அன்றன்றே கொட்டி, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களுக்காக எங்கள் பக்கத்துச் சாலைகளில் தண்ணீர் வைக்கும் புண்ணியவான்கள், பிளாஸ்டிக் கேன்களை வெயிலில் நிறுத்தாமல், குழாய் வைத்த மண்பானைகளை மரநிழலில் வைக்க வேண்டுகிறேன். பானைக்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. நம் மாவட்டத்து மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அங்கே தண்ணீர்ப் பானை வனைகிறவர்களைப் பற்றித் தாங்கள் ஒரு கட்டுரை வெளியிட்டால் மிகவும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காரைக்குடி