வயசா, லூபஸா, மருந்தா: கூட நின்ன எல்லாருக்கும் ஒரு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு லூபஸ்னு (உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கற நோய்) தெரிஞ்சதுலேர்ந்து கூட நின்ன ஒவ்வொருத்தருக்கும் தனியா போன் பண்ணி நன்றி சொல்லணும்னு நெனச்சுட்டே இருக்கேன், ஆனா போனை எடுத்தா பேச்சு அம்மா உடம்பைப் பத்தியே போய் முடிஞ்சிடுது, அதான் எழுதிடறேன். யார் பேரும் போடல, ஒருத்தரை விட்டுட்டா அப்புறம் வருஷக்கணக்கா கேட்டுட்டே இருப்பீங்க. படிக்கும்போது அவங்கவங்களுக்கே தெரியும்.

மொதல்ல நெஞ்சு வார்டுல இருந்த அந்த சின்ன வயசு டாக்டரம்மாவுக்கு. அம்மாவுக்கு 68 வயசு, எடை குறையுது, எந்நேரமும் அசதி, வாய் காயுது, மூட்டு வலி. எங்க போனாலும் "வயசாச்சுல்ல"னு ஒரே பதில்தான், ஒரு இடத்துல ரிப்போர்ட்டைக்கூட பிரிச்சுப் பாக்கல. கடைசில மூச்சை இழுத்து விட்டா குத்துதுனு அட்மிட் பண்ணி, நுரையீரலைச் சுத்தி தண்ணி கோத்திருக்குனு எல்லாரும் நிமோனியா டிபின்னு பேசிட்டு இருந்தப்ப, இவங்க மட்டும் கட்டில் ஓரமா உக்காந்து அம்மா கையப் புடிச்சு, "காலைல எந்திரிச்சதும் விரலை மடக்க முடியுதாம்மா, எவ்ளோ நேரம் கழிச்சு லேசாகுது"னு கேட்டாங்க. அந்தக் கேள்விதான் எங்கள ருமட்டாலஜிஸ்ட் (மூட்டு வாதம், லூபஸ் மாதிரி நோய்களைப் பாக்கற டாக்டர்) கிட்ட கொண்டுபோய் விட்டது.

ருமட்டாலஜி டாக்டருக்கு நன்றி சொல்றதுன்னா எங்க ஆரம்பிக்கறதுனே தெரியல சார். லூபஸ்னா சின்ன வயசு பொண்ணுங்களுக்கு வர்றது, கன்னத்துல பட்டாம்பூச்சி மாதிரி சிவப்பு வரும், இவ்ளோதான் எங்களுக்குத் தெரியும். 50 வயசுக்கு மேல ஆரம்பிக்கறதும் உண்டு, அப்படி வர்றப்ப அந்த கன்னச் சிவப்பும் கிட்னி பாதிப்பும் கொஞ்சம் கம்மியா இருக்கும், நுரையீரல் இதயத்தைச் சுத்தி தண்ணி, கண்ணு வாய் வறட்சி இதெல்லாம் கூடுதலா இருக்கும், மெதுவா வர்றதால வயசுக் கோளாறுன்னே தள்ளிப் போயிடும்னு பொறுமையா சொன்னீங்க. லூபஸ் சந்தேகம்னா மொதல்ல பாக்கற ஏ.என்.ஏ. ரத்த டெஸ்ட் பாசிட்டிவ்னு பாத்து நாங்க அழுதப்ப, "வயசானவங்கள்ல நோயே இல்லாதவங்களுக்கும் அது பாசிட்டிவ் வரும், வாசல்ல செருப்பு கிடக்கற மாதிரி, உள்ள யாரு இருக்கானு போய்ப் பாத்தாதான் தெரியும்"னு சொல்லிட்டு, டி.எஸ். டி.என்.ஏ., சி3, சி4னு இன்னும் சில ரத்த டெஸ்ட், யூரின்ல புரோட்டீன்னு எல்லாம் பாத்துட்டுதான் பேரையே சொன்னீங்க.

மருந்துக்கடை அண்ணா, உங்களை விட்டா எனக்கு ஆளே இல்ல. சில பிரஷர் மாத்திரை, டிபி மாத்திரையாலகூட லூபஸ் மாதிரி வரலாம், ஹைட்ராலசின், ஐசோநியசிட் எல்லாம் அந்த லிஸ்ட்ல இருக்கு, அப்படி வந்தா மருந்தை நிறுத்தினாலே பெரும்பாலும் சரியாயிடும், அதனால அம்மா சாப்பிட்ட எல்லா மாத்திரையும் எழுதிட்டு வாங்கனு டாக்டர் சொன்னப்ப, கவுண்டர்ல கூட்டம் நிக்கறப்பவே பழைய பில் எல்லாம் தோண்டி எடுத்து ஒரே பேப்பர்ல எழுதிக் குடுத்தீங்க. அதுல அப்படி எதுவும் இல்ல, ஆனா அந்தப் பேப்பர் இன்னும் ஃபைல்ல முதல் பக்கமா இருக்கு, எந்த டாக்டர்கிட்ட போனாலும் அதைத்தான் நீட்டறேன். மூட்டு வலிக்குனு யாரோ சொன்ன வலி மாத்திரையக் கேட்டப்ப, கிட்னிக்கு ஆகாது, டாக்டரைக் கேக்காம தரமாட்டேன்னு திருப்பி அனுப்பினதுக்கும் சேர்த்து நன்றி (அன்னிக்கு அம்மா உங்கமேல செம கோவம்).

லூபஸுக்குக் குடுக்கற ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை ஒரு நாளைக்கு உடம்பு எடைல கிலோவுக்கு 5 மில்லிகிராம் தாண்டக் கூடாதுங்கறதால ஒவ்வொரு தடவையும் எடை பாக்கற நர்ஸ் அக்காவுக்கு நன்றி. அம்மா 46 கிலோ, அதனால 200 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணுதான், பக்கத்து பெட்ல ரெண்டு சாப்பிடறாங்களேனு நாங்க கேட்டப்ப சிரிச்சுட்டே கணக்கு போட்டுக் காமிச்சாங்க. அம்மா முழங்காலுக்குக் கீழ கட்டைவிரலை வச்சு அழுத்தி எடுத்து, குழி அப்படியே நிக்குதா, உடனே மேல வந்துடுதானு எனக்குக் காட்டிக் குடுத்ததும் அவங்கதான். குழி நின்னா, யூரின்ல நுரை கலையாம இருந்தா கிட்னி பாதிப்பா இருக்கலாம், போன் பண்ணுனு சொன்னாங்க, இப்ப தினமும் குளிக்க வைக்கறப்பவே பாத்துடறேன். கண் டாக்டருக்கும் நன்றி, இந்த மாத்திரை வருஷக்கணக்குல விழித்திரையத் தொடலாம்னு ஆரம்பத்துலயே ஸ்கேன் எடுத்து வச்சுட்டீங்க.

ஸ்டீராய்டு காலம் பத்தி ரொம்ப எழுதல. சுகர் ஏறுச்சு, தூக்கம் போச்சு, எடுத்ததுக்கெல்லாம் எரிஞ்சு விழுந்தாங்க. அப்ப "அது உங்க அம்மா பேசல, மாத்திரை பேசுது, ஆனா அதுக்காக திடீர்னு நிறுத்திடாத, உயிருக்கே ஆபத்து, டாக்டர் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாதான் குறைக்கணும்"னு ராத்திரில போன்ல சொன்ன அக்கா, நீங்களும் உங்க மாமியாரை இதே நோயோட பாத்துக்கறவங்க, உங்களுக்கு இருக்கற வேலைல எனக்கும் நேரம் குடுத்தீங்க. திடீர்னு ஒரு நாள் அம்மா தேதி கிழமை தெரியாம உளறினப்ப, மறதி வந்துடுச்சுனு வீட்ல எல்லாரும் முடிவே பண்ணிட்டோம், நீங்கதான் ஒரே நாள்ல வந்தா அது வயசு இல்ல, உடனே கூட்டிட்டுப் போனு விரட்டினீங்க. யூரின் இன்ஃபெக்ஷன். ஸ்டீராய்டு சாப்பிடறவங்களுக்கு காய்ச்சல்கூட சரியா தெரியாதாம். ஆன்டிபயாடிக் போட்டதும் தெளிஞ்சு, வந்து பாத்த சித்தி கட்டியிருந்த புடவையக் குறை சொல்ல ஆரம்பிச்சப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. அதுலேர்ந்து எது புதுசா வந்தாலும் வயசா, லூபஸா, மருந்தா, இன்ஃபெக்ஷனானு நாலையும் கேட்டுட்டுதான் பதில் ஏத்துக்கறேன்.

அம்மாவோட வாக்கிங் தோழிகளுக்கு தனியா ஒரு கும்பிடு. வெயில் பட்டா நோய் கிளம்பும்னு சொன்னதும், ஒருத்தரும் முகம் சுளிக்காம வாக்கிங்கையே வெயில் சாஞ்சப்புறம்னு மாத்திக்கிட்டீங்க. ஒட்டுமானு ஒருத்தர் கேட்டாங்க, ஒட்டாதுனு சொன்னேன், அதோட சரி, அடுத்த நாளே வந்து கையக் கோத்துட்டு நடந்தாங்க. வாரத்துல ஒரு ராத்திரி என்னைத் தூங்கச் சொல்லிட்டு வந்து படுத்துக்கற தம்பி, உனக்கு நன்றி சொன்னா திட்டுவ, இருந்தாலும் சொல்லிட்டேன்.

இப்ப அம்மா ஸ்டீராய்டு ரொம்பக் குறைஞ்ச டோஸ்ல இருக்காங்க, தடுப்பூசில எது போடலாம் எது கூடாதுனு அடுத்த விசிட்ல கேக்கணும். யார் வீட்லயாவது இதே நோய்னா அந்த மாத்திரை லிஸ்ட் பேப்பர் மாதிரி உங்களுக்கும் ஒண்ணு போட்டுத் தரேன், கூச்சப்படாம கேளுங்க, மத்தியானம் அம்மா தூங்கற நேரத்துல பேசலாம்.