கருவுறும் முன்பே சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கர்ப்பகால நீரிழிவு பற்றி நாளிதழ்களில் அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன. ஆனால், கருவுறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே சர்க்கரை நோய் இருந்து, அதனால் சிறுநீரகமும் பழுதுபடத் தொடங்கிவிட்ட பெண்களைப் பற்றிய பேச்சு குறைவு. திருவாரூர் மாவட்டக் கிராமங்களில் சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கர்ப்பிணிக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தத்தில் 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பதிவு செய்கிறோம். குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாகும் முதல் 8 வாரங்கள், பலருக்கு அந்தச் சோதனைக்கு வந்து சேர்வதற்குள்ளேயே கடந்துவிடுகின்றன. அந்த வாரங்களில் சர்க்கரை மிகுந்திருந்தால் இவை பழுதுபடக்கூடும். ஆகவே, ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்கள், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவை 6.5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்த பிறகு கருவுறுவதே நல்லது. 10-ஐத் தாண்டியிருந்தால் தள்ளிப்போடத்தான் வேண்டும்.

சிறுநீரகம் பழுதுபட்டு, சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் கசிகிறவர்களுக்குக் கர்ப்பத்தின் பிற்பாதியில் ரத்த அழுத்தம் எகிறுவதும், வலிப்பு வரை போவதும், குறைமாதத்தில் பிரசவமாவதும் மற்றவர்களைவிட மிகுதி. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 1.0 என்றால் பரிசோதனைக்கூடத் தாளில் இயல்பு என்றே அச்சாகியிருக்கும். கர்ப்பிணிக்கு அது இயல்பன்று, ஏனெனில் கர்ப்பத்தில் அந்த அளவு குறைந்திருக்க வேண்டும். கருவுறும் முன்பே 1.5-ஐத் தாண்டியிருந்தால், பிரசவத்துக்குப் பின்னும் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பாமல் போகும் ஆபத்து உண்டு.

மாத்திரை விஷயம் இன்னும் சிக்கலானது. சிறுநீரகத்தைக் காப்பதற்காகவே கொடுக்கப்படும் எனலாபிரில், டெல்மிசார்டான் போன்றவை வயிற்றிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. தாமாக நிறுத்துவதும் தவறு. கருவுறத் திட்டமிடும்போதே மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றித் தர வேண்டும். கர்ப்பகால ரத்தக் கொதிப்பைத் தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரினை 12-ஆவது வாரம் முதல் இந்தப் பெண்களுக்குத் தர வேண்டும். நடவும் களையும் முடித்து, உடம்புவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும் சிறுநீரகத்துக்குப் பகை என்பதை நம் பகுதிப் பெண்களிடம் யாரும் சொல்வதில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவரும் தன்னார்வலர், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்ணிடம் "குழந்தைக்கு எண்ணம் உண்டா?" என்று கேட்டு, ஆம் என்றால் சிறுநீர் ஆல்புமின், கிரியேட்டினின் சோதனைகளுக்கு அனுப்பும் நடைமுறை வர வேண்டும். தயங்கத் தேவையில்லை, மாமியார் எதிரில் கேட்காமல் இருந்தால் போதும்.

இன்னொன்று, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் நம் வழக்கம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து மன்னார்குடியிலிருந்து பாபநாசம் போகிறவள், ரத்த அழுத்தம் ஏறக்கூடிய அதே வாரங்களில் புதிய செவிலியரிடமும் புதிய மருத்துவரிடமும் போய் நிற்கிறாள். கால் வீங்கினால், தண்ணீர் கோத்திருக்கிறது, சகஜம்தான் என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். பிக்மி எண் எனும் அரசின் கர்ப்பிணிப் பதிவு எண் மட்டும் கையிலிருந்தால் போதாது. முதல் மூன்று மாத கிரியேட்டினின், சிறுநீர் ஆல்புமின், நிறுத்திய மருந்துகள், பிரசவம் பார்க்க வேண்டிய பெரிய மருத்துவமனை ஆகியவை தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் எழுதப்பட வேண்டுமென்று பொது சுகாதாரத் துறை உத்தரவிடக் கோருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதாரச் செவிலியர்,
நீடாமங்கலம்.