பேனாவா, பென்சிலா? அப்டேட் அனுப்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மென்பொருள் அப்டேட்டில் எதைச் சேர்ப்பது, எப்போது அனுப்புவது, வேண்டாம் என்பவரையும் எப்படி நிறுவவைப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிற உங்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நானும் உங்கள் கூட்டத்து ஆள்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளாக நிரல் எழுதித்தான் பிழைக்கிறேன். “சில பிழைகள் சரிசெய்யப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது” என்ற அந்தப் புகழ்பெற்ற வாசகத்தை என் கையாலேயே எத்தனையோ முறை தட்டியிருக்கிறேன். எந்தப் பிழை, என்ன மேம்பாடு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. விளக்கி எழுத மனமில்லை. சில நேரம், விளக்கினால் யாராவது கேள்வி கேட்டுவிடுவார்களே என்ற பயம்.

கேட்க வந்தது ஒன்றுதான். கூரை ஒழுகலை அடைக்கிற வேலையையும் வீட்டுக்குப் புது வண்ணம் பூசுகிற வேலையையும் ஒரே ரசீதில் எழுதாதீர்கள். பாதுகாப்புத் திருத்தம் தனியாக வரட்டும். உங்கள் புதிய யோசனைகள் தனியாக வரட்டும். அவற்றை வேண்டாம் என்று சொல்லும் உரிமை பயன்படுத்துகிறவரிடம் இருக்கட்டும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த நாளிலிருந்து இந்த எண்ணம் என்னை விடவில்லை. எங்கள் குழு உருவாக்கிய கணக்கு மென்பொருளைப் பயன்படுத்தும் ஓர் அலுவலகத்திலிருந்து, அப்டேட்டுக்குப் பிறகு “எதுவுமே வேலை செய்யவில்லை” என்று புகார் வந்தது. இங்கிருந்தபடியே பார்த்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. நேரில் போனேன். பில் போடும் பெரியவர் ஒருவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். பக்கத்துக்கு ஒரு திரையாக, எங்கள் மென்பொருளை அளவுகோல் வைத்துக் கோடு போட்டு வரைந்திருந்தார். பொத்தான்கள், பட்டிகள், அம்புக்குறிகள், “இங்கே இரண்டு முறை”, “இதைத் தொடவே கூடாது” என்ற குறிப்புகள். பதினேழு பக்கங்கள். நாங்கள் எழுதாமல் விட்ட பயனர் கையேடு அது. எழுதியிருந்தாலும் அவ்வளவு நன்றாக வந்திருக்காது. அந்த அப்டேட்டில் நாங்கள் பக்கவாட்டுப் பட்டியைத் தூக்கி மேலே வைத்திருந்தோம். சொற்களை எடுத்துவிட்டு வெறும் சின்னங்களைப் போட்டிருந்தோம். பதினேழு பக்கங்களும் ஒரே இரவில் பழைய தாளாகிவிட்டன.

பழையபடி மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். கடவுச்சொற்களைச் சேமிக்கும் இடத்தில் இருந்த ஒரு மோசமான ஓட்டையை அடைத்ததும் அதே அப்டேட்தான். பழைய பதிப்புக்குத் திரும்பினால் ஓட்டையும் கூடவே திரும்பிவிடும். அவர் கோபப்படவில்லை. புது நோட்டு ஒன்றை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்துகொண்டு, “இந்தத் தடவை பேனாவில் வரையலாமா தம்பி, இல்லை பென்சிலிலேயே வரைந்து வைக்கட்டுமா?” என்று கேட்டார்.

பென்சில் என்றேன். வேறென்ன சொல்ல?

அந்த இரண்டு மாற்றங்களும் சேர்ந்து போனதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது. ஒரே நாளில் வெளியிட்டால் ஒருமுறை சோதித்தால் போதும் என்று நினைத்தோம். இன்னொரு காரணமும் உண்டு. அது எந்தக் கூட்டக் குறிப்பிலும் இருக்காது. புதிய முகப்பைத் தனியாக அனுப்பினால் பலர் நிறுவமாட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். நாங்களோ, தேன் என்று நாங்களே முடிவு செய்துகொண்ட ஒன்றை மருந்தில் குழைத்துக் கொடுத்தோம்.

விளைவு என்ன? “பிறகு நினைவூட்டு” என்ற பொத்தானை மக்கள் சோம்பலால் அழுத்துகிறார்கள் என்று நம் தொழிலில் அடிக்கடி அலுத்துக்கொள்கிறோம். எனக்கு அதில் சோம்பலைவிட அனுபவம்தான் தெரிகிறது. சூடு கண்ட பூனை. போன முறை அப்டேட் செய்தபோது பிரிண்டர் நின்றது, எழுத்துரு மாறியது, எங்கோ வைத்த பொத்தான் காணாமல் போனது. இந்த முறை எதற்கு வம்பு என்று தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடுவதன் ஆபத்து எனக்கும் தெரியும். 2017 மே 12ஆம் தேதி வான்னாக்ரை என்ற தீம்பொருள் உலகமெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத இடைவெளி. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின. அந்த இரண்டு மாதமும் அப்டேட் செய்யாமல் இருந்தவர்கள் எல்லாரும் புதிய முகப்புக்குப் பயந்தவர்கள் என்று சொல்லமாட்டேன். பெரிய நிறுவனங்களில் அதற்கு வேறு ஆயிரம் காரணங்கள் இருக்கும். ஆனால் அவசரத் திருத்தம் என்று நாம் கத்தும்போது நம்பி உடனே நிறுவும் பழக்கம் மக்களுக்கு வேண்டுமானால், சாதாரண நாட்களில் அந்த நம்பிக்கையை நாம் கரைக்காமல் இருக்க வேண்டும்.

கரைத்த கதைகள் நிறைய. சோனோஸ் என்ற ஒலிபெருக்கி நிறுவனம் 2024 மே மாதம் தன் செயலியை முழுக்க மாற்றி எழுதி வெளியிட்டது. அலாரம், தூங்கப் போகும்போது தானாக நிற்கும் டைமர் போன்ற, ஏற்கெனவே இருந்த வசதிகள் புதியதில் இல்லை. பழைய செயலிக்குத் திரும்ப வழியும் வைக்கவில்லை. காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டிய பொருள், உரிமையாளர் ஒன்றும் செய்யாமலே ஒரு நாள் காலையில் திறமை குறைந்துபோனது. ஜூலையில் தலைமை நிர்வாகி மன்னிப்புக் கேட்டார். 2025 ஜனவரியில் பதவியையே விட்டுப் போனார்.

அதைவிட ஐபோன் விவகாரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அதில் பொறியாளர்கள் செய்தது சரி. பழசாகிப்போன பேட்டரியால் திடீரென்று அதிக மின்னோட்டம் கொடுக்க முடியாது; போன் சட்டென்று அணைந்துவிடும். அதைத் தடுக்க, 2017 தொடக்கத்தில் வந்த ஓர் அப்டேட்டில் போனின் பிராசசர் சிப்பின் உச்ச வேகத்தை ஆப்பிள் கட்டுப்படுத்தியது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் போன் மெதுவாகும், பேட்டரியை மாற்றினால் சரியாகும் என்று பயன்படுத்துகிறவருக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் விஷயம் வெளியே வந்தபோது, புதுப் போன் வாங்கவைக்கிற சூழ்ச்சி என்றே உலகம் நம்பியது. மன்னிப்பு, பேட்டரி மாற்றும் கட்டணத்தில் தள்ளுபடி, பிறகு 2020இல் 50 கோடி டாலர் வரை கொடுக்க ஒப்புக்கொண்ட சமரசம். அப்டேட் குறிப்பில் நேர்மையாக இரண்டு வரி எழுதியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். “சில பிழைகள் சரிசெய்யப்பட்டன” என்று தட்டப் போகும் ஒவ்வொரு முறையும் இந்தத் தொகை இப்போது என் நினைவுக்கு வருகிறது.

நீங்கள் சொல்லப்போகும் பதிலும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். “இரண்டு பாதைகளாகப் பிரித்தால் இரண்டு பதிப்புகளைக் காப்பாற்ற வேண்டும், இரண்டு முறை சோதிக்க வேண்டும், பழைய நிரலுக்கு ஏற்றபடி திருத்தத்தைத் திரும்ப எழுத வேண்டும்.” உண்மைதான். சலிப்பான வேலை. ஆனால் முடியாத வேலை இல்லை. தன்னார்வலர்கள் நடத்தும் டெபியன் என்ற இயங்குதளம், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலையான பதிப்பு ஒன்றை வெளியிடுகிறது. அதன் பிறகு அதற்கு அனுப்புவது பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களும் கடுமையான பிழைகளுக்கான மருந்தும்தான். பயர்பாக்ஸ் உலாவிக்கு 2012 முதலே இப்படி ஒரு நிதானமான பதிப்பு உண்டு. அதில் ஏறத்தாழ ஓராண்டுக்கு முகம் மாறாது, ஓட்டைகள் மட்டும் அடைபட்டுக்கொண்டே இருக்கும். சம்பளம் வாங்காத டெபியன்காரர்களால் முடிகிற காரியம் சம்பளம் வாங்குகிற நமக்கு முடியாதா?

நிதானத்துக்கு எதிர்பாராத ஒரு பலனும் உண்டு. 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சின்ன நிரலகத்தில் யாரோ பின்வாசல் ஒன்றை ஒளித்து வைத்திருந்தது அம்பலமானது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று எரிச்சல்பட்டுத் தோண்டியதில் கிடைத்தது. (அரை விநாடித் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளாதவர்கள் வாழ்க!) அந்த நச்சுப் பதிப்புகள், எல்லாவற்றையும் சுடச்சுட எடுத்துக்கொள்ளும், டெபியன் போன்றவற்றின் சோதனைப் பதிப்புகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. டெபியனின் நிலையான பதிப்பு தப்பித்தது. புதியதை அவசரப்பட்டு வாங்காததே காரணம்.

நேர்மைக்காக என் வாதத்தின் ஓட்டையையும் நானே காட்டிவிடுகிறேன். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பியது அலங்காரம் ஏதும் கலக்காத, சுத்தமான பாதுகாப்புக் கோப்பு. 21 மதிப்புகளை எதிர்பார்த்த இடத்துக்கு 20 மட்டுமே வந்து சேர்ந்தன. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடிப் போன நிரல் நினைவகத்தின் எல்லையைத் தாண்டி எட்டிப் பார்த்து விழுந்தது. கூடவே விண்டோஸும் விழுந்தது. சுமார் 85 லட்சம் கணினிகள் என்று மைக்ரோசாப்ட் கணித்தது. விமான நிலையங்களில் நீலத் திரை. தவற்றை 78 நிமிடங்களில் திருத்திவிட்டார்கள், ஆனால் எழுந்திருக்கவே முடியாத கணினிக்குத் திருத்தத்தை எப்படி அனுப்புவது? ஒவ்வொன்றாக ஆள் போய்க் கை வைக்க வேண்டியிருந்தது. ஆக, பிரித்து அனுப்பினால் மட்டும் போதாது. முதலில் நூறு கணினிகளுக்கு அனுப்பி, அவை உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்து, பிறகு மற்றவர்களுக்கு அனுப்பும் பொறுமையும் வேண்டும். வெள்ளிக்கிழமை வெளியிடாதே என்பது நம் தொழிலில் பாலபாடம். அதை மீறுவதும் நம் தொழிலில் வழக்கம்.

இப்படிச் சேர்த்துக் கட்டிய மூட்டைகளிலெல்லாம் பெரிய மூட்டை 2025 அக்டோபர் 14இல் வந்தது. அன்றோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. வீட்டுப் பயனர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு கொடுத்தார்கள். அதன் பிறகு? விண்டோஸ் 11க்குப் போகலாம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ள பிராசசரும் உங்கள் கணினியில் இருந்தால். இல்லாவிட்டால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை ஓரங்கட்டிவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். பத்தாண்டு ஆதரவு குறைவு என்று நான் சொல்லவில்லை. அந்தச் சிப்பால் பயன் இல்லை என்றும் சொல்லவில்லை. ஓட்டையை அடைக்க வந்தவர் புது வீட்டை விற்றுவிட்டுப் போகிறாரே என்பதுதான் குறை.

1985இல் வந்த முதல் விண்டோஸிலேயே இருந்த, வெறும் எழுத்துகளைத் தட்ட உதவும் நோட்பேடில் இப்போது செயற்கை நுண்ணறிவு நம் வாக்கியத்தை மாற்றி எழுதித் தருகிறேன் என்கிறது. ஒன்றும் தெரியாமல் இருப்பதுதானே அதன் அழகு? இந்தப் புலம்பல் தனி மடலுக்கு உரியது, விட்டுவிடுகிறேன்.

நான் கேட்பது ஏதோ பழமைவாதியின் பிடிவாதம் என்று தோன்றினால், ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். தொழில்நுட்ப ரீதியாக முடிகிற இடங்களில் பாதுகாப்பு அப்டேட்டுகளை வசதி அப்டேட்டுகளிலிருந்து பிரித்தே தர வேண்டும் என்று அதன் பிற்சேர்க்கையில் எழுதியே வைத்திருக்கிறார்கள். “தொழில்நுட்ப ரீதியாக முடிகிற இடங்களில்” என்ற அந்தச் சொற்றொடருக்குள் எத்தனை நிறுவனங்கள் புகுந்து ஒளியப்போகின்றன என்பது வேறு விஷயம். சட்டத்தின் கெடு வரும்வரை காத்திருப்பானேன்?

எங்கள் அடுத்த வெளியீடு செவ்வாய்க்கிழமை. அதில் ஒரு பாதுகாப்புத் திருத்தமும் இருக்கிறது, வட்டமாக இருந்த பொத்தான்களைச் சதுரமாக்கும் வேலையும் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாக அனுப்பலாம் என்று எழுதிக் கொடுத்தேன். “இன்னொரு சுற்றுச் சோதனைக்கு யார் நேரம் ஒதுக்குவது?” என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. நான் ஒதுக்குகிறேன் என்று திருப்பி எழுதிவிட்டுத்தான் இதை உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். அனுமதி இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்