ஆசிரியை உங்கள் வீட்டுக்கு வருகிறார்: பெற்றோருக்குத் தலைமையாசிரியையின் கடிதம்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
சிவகாசி ஒன்றியம், விருதுநகர் மாவட்டம்.
ஜூலை 2025

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பிள்ளைகளை வளர்த்துவரும் தாத்தா பாட்டிமார்களுக்கும் வணக்கம்.

நம் பள்ளியில் 1, 2, 3 வகுப்புகளை ஒன்றாக வைத்து நடத்தும் ஆசிரியை, வரும் வாரம் முதல் தம் வகுப்புப் பிள்ளைகள் 29 பேரின் வீடுகளுக்கும் ஒவ்வொன்றாக வரவிருக்கிறார். அவர் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்ததும், "என்ன தப்புப் பண்ணுன?" என்று பிள்ளையின் பக்கம் திரும்பி முறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். யார்மீதும் புகார் இல்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளையின் வீட்டுக்கும் வருவார், எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையின் வீட்டுக்கும் வருவார். தெரு வரிசைப்படி வருவாரே தவிர மதிப்பெண் வரிசைப்படி வரமாட்டார்.

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் அது நல்ல செய்தியாக இராது என்ற எண்ணம் ஊரில் ஊறிப்போயிருக்கிறது என்றால், அதற்குப் பொறுப்பு எங்களைப் போன்ற ஆசிரியர்களுடையதுதான். நான் பணியில் சேர்ந்த புதிதில், வேறோர் ஊரில், நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் தொடர்ந்து வீட்டுப்பாடம் எழுதாமல் வந்ததால், அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரும்படி சொல்லி அனுப்பினேன். மறுநாளே அவர் வந்தார். தீப்பெட்டி ஆபீஸ் வேனை விட்டுவிட்டு, அன்றைய கூலியையும் விட்டுவிட்டு, வெளுத்துப்போன சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்த மனிதருக்கு நாற்காலி கூடக் காட்டாமல், பிள்ளைகள் அத்தனை பேர் முன்னிலையிலும் நிற்க வைத்தே பேசினேன். அவர் எதையும் மறுத்துச் சொல்லவில்லை. "சரிங்க டீச்சர்" என்று நாலைந்து முறை சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் அந்தப் பையன் வீட்டுப்பாடம் எழுதத்தான் செய்தான், ஆனால் என்னை நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்திவிட்டான். அவர்கள் வீட்டுக்கு மின் இணைப்பே இல்லை என்பது அந்த ஆண்டு முடிகிற நேரத்தில், அதுவும் இன்னொரு பிள்ளை பேச்சுவாக்கில் சொல்லித்தான், எனக்குத் தெரியவந்தது. ஒருநாள் மாலையில் அந்தத் தெருப் பக்கம் நடந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

நம் ஆசிரியை சென்ற ஆண்டே, யாரும் சொல்லாமல், சில வீடுகளுக்குச் சென்றுவரத் தொடங்கினார். அவற்றுள் ஒன்றைப் பற்றி, அந்த வீட்டுப் பாட்டியிடம் கேட்டு அவர் சரி என்ற பிறகே, இங்கே எழுதுகிறேன். அந்தப் பேத்தி அப்போது இரண்டாம் வகுப்பு. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். கேட்ட எண்ணைக் காட்டச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் விரல் போகும் திசையைப் பார்த்துத் தன் விரலை வைப்பாள். எண்களே தெரியவில்லை என்றுதான் நாங்கள் இருவரும் முடிவு கட்டியிருந்தோம். வீட்டுக்குப் போனபோது, சுண்ணாம்பு உதிர்ந்த சுவரை மறைக்க, அச்சகத்தில் கழித்துப்போட்ட காலண்டர் தாள்களைக் கூரை வரைக்கும் ஒட்டியிருந்தார்களாம். சிவகாசிப் பக்கத்தில் இது புதிதில்லை. பாட்டி பேச்சை நடுவில் நிறுத்தி, "அமாவாசை என்னைக்குன்னு பாருத்தா" என்று உரக்கக் கேட்க, அந்தப் பிள்ளை கட்டில்மேல் ஏறி, விரலை வரிசையாக ஓட்டி, கிழமையையும் தேதியையும் தயங்காமல் சொல்லியிருக்கிறாள். ஆசிரியை வியந்துபோய், வகுப்பில் ஏன் பேச மாட்டேன் என்கிறாள் என்று கேட்டபோதுதான், அவளுக்கு இடது காதில் அடிக்கடி சீழ் வடிவதும், அந்தப் பக்கமிருந்து மெல்லப் பேசினால் கேட்காது என்பதும் பாட்டி வாயிலிருந்து வந்தது. வகுப்பில் நாங்கள் அவளை உட்கார வைத்திருந்த இடத்திலோ, ஆசிரியையின் குரல் எப்போதும் இடப்பக்கமிருந்தே வரும். மறுநாள் இடத்தை மாற்றினோம். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காதைக் காட்டினோம். அரையாண்டுக்குள் அவள் கணக்கில் அரும்பு என்ற தொடக்க நிலையிலிருந்து அதற்கு அடுத்த மொட்டு நிலைக்கு வந்துவிட்டாள்.

அரும்பு, மொட்டு, மலர் என்ற இந்தச் சொற்களைப் பற்றியும் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்பதற்காக அரசு நடத்தும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வருபவை இவை. அத்திட்டம் 2022-23 கல்வியாண்டில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த ஆண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. ஒரே வகுப்பில் உள்ள பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதால், ஒவ்வொருவருக்கும் எங்கிருந்து தொடங்குவது என்று ஆசிரியை தெரிந்துகொள்வதற்காக வைத்த நிலைகளே அவை. "பக்கத்து வீட்டுப் பிள்ளை மலராம், எம்பிள்ளை மட்டும் ஏன் அரும்பு?" என்று சென்ற ஆண்டு ஒரு தாய் என்னிடம் கண்கலங்கக் கேட்டார். தமிழில் மலர் நிலையில் இருக்கும் பிள்ளை கணக்கில் அரும்பாக இருக்கலாம். ஜூனில் அரும்பாக இருந்தது பொங்கலுக்குள் மாறியும் போகலாம். இதை வைத்துப் பிள்ளையை அடிப்பதோ, தெருவில் ஒப்பிட்டுப் பேசுவதோ வேண்டாம். உங்கள் பிள்ளை இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அடுத்ததாக எதைக் கற்க வேண்டும் என்பதை ஆசிரியை வீட்டில் வைத்தே, பிள்ளையின் நோட்டைக் காட்டிச் சொல்வார்.

அவர் வருகிற நேரம் பற்றி: உங்களில் பலர் காலை ஏழு மணிக்கு முன்பே வேன் ஏறிவிட்டு மாலை ஆறுக்கு மேல் திரும்புகிறீர்கள் என்பதால், புதன், வெள்ளிக் கிழமைகளில் ஆறு மணிக்குப் பிறகு வருவார். ஏழேகால் பேருந்தை விட்டால் அவர் ஊர் திரும்ப வழியில்லை என்பதால் ஒரு நாளைக்கு மூன்று வீடுகளுக்கு மேல் இயலாது. முதல் சுற்று ஆகஸ்டு இறுதிக்குள் முடியும். செப்டம்பரில் முதல் பருவத் தேர்வு இருக்கிறது. தீபாவளி இவ்வாண்டு அக்டோபர் 20 அன்று வருகிறது. அதற்கு முந்தைய வாரங்களில் பட்டாசு ஆலைகளில் வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று உங்களுக்கே தெரியாது என்பதால், அந்த நாள்களில் யார் வீட்டுக்கும் வரமாட்டார். தீபாவளி கழிந்து ஆலைகள் பூட்டிக் கிடக்கும் நாள்களில், நீங்கள் வீட்டிலும் இருப்பீர்கள், கையில் சற்று நேரமும் இருக்கும் என்பதால், இரண்டாம் சுற்றை அப்போது வைத்திருக்கிறோம். மூன்றாம் சுற்று பொங்கல் விடுமுறைக்குப் பின்.

வீட்டில் பத்து நிமிடம் உட்காருவார். நாற்காலி இல்லாவிட்டால் திண்ணை போதும், பாய் போதும். காப்பி, கலர், பிஸ்கட் என்று ஆள் அனுப்பிக் கடையில் கடன் சொல்லி வாங்க வேண்டாம். ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். வருமானம், கடன், சாதி, குடும்பத் தகராறு ஆகிய எதையும் அவர் கேட்கமாட்டார். பிள்ளை மாலையில் யாருடன் இருக்கிறது, எத்தனை மணிக்குத் தூங்குகிறது, எதில் ஆசை, எதற்குப் பயம் என்பவற்றையே கேட்பார். வீட்டில் பட்டாசுக்குக் குழாய் சுற்றும் வேலை நடந்தால் அதைக் கண்டு உங்களை யாரிடமும் காட்டிக்கொடுக்கப்போவதில்லை. ஆனால் பிள்ளையை அந்த வேலையில் உட்கார வைக்கக் கூடாது என்பதில் எனக்கும் அவருக்கும் விட்டுக்கொடுக்கும் எண்ணம் கிடையாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வகுப்பின் வாட்ஸ்அப் குழு பற்றியும் ஒரு சொல். சென்ற டிசம்பரில், வீட்டுப்பாடம் எழுதி வராத பிள்ளைகளின் பெயர்களை அந்தக் குழுவில் நானே வரிசையாகப் போட்டேன். அன்று இரவே ஒரு தாய் குழுவிலிருந்து வெளியேறினார். அவர் செய்தது சரியே, நான் செய்தது பிழை. இனி அந்தக் குழுவில் எந்தப் பிள்ளையின் பெயரும் குறையோடு சேர்ந்து வராது. பொதுவான செய்திகளை ஆசிரியை குரல் பதிவாகவே அனுப்புவார், ஏனெனில் படிக்கத் தெரியாத பாட்டிமார் அதைக் கேட்டுப் புரிந்துகொள்கிறார்கள். எழுதி அனுப்பினால் பிள்ளையையே படிக்கச் சொல்ல, பிள்ளை தனக்கு வேண்டியதை மட்டும் படித்துக் காட்டுகிறது. தனிப்பட்ட செய்தியைத் தொலைபேசியில் உங்களிடம் மட்டுமே பேசுவார். காலை வணக்கப் படங்களையும் கட்சிச் செய்திகளையும் அந்தக் குழுவில் போடாமல் இருந்தால் பேருதவியாக இருக்கும்.

பதிலுக்கு நாங்கள் கேட்பது அதிகமில்லை. பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் அன்று காலையே ஒரு வார்த்தை சொல்லுங்கள்; காலை உணவு சமைக்கும் அக்காமார் எட்டு மணிக்கெல்லாம் பள்ளியில் இருக்கிறார்கள், அவர்களிடம் சொன்னாலும் போதும். வீட்டில் இறப்பு, பிரிவு, நோய், வேலைக்காக வெளியூர் போதல் என்று எது நேர்ந்தாலும், விவரம் சொல்ல விருப்பமில்லாவிட்டால் "வீட்டில் சரியில்லை" என்று மட்டுமாவது தெரிவியுங்கள். அந்த வாரம் அந்தப் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று எங்களுக்குத் தெரியும். எங்கள்மீது குறை இருந்தாலும் அதைத் தெருவில் பேசாமல் எங்களிடமே நேரில் சொல்லுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நம் குழுவிலும் கணக்கு சரியாகவே இருக்கிறது. கூட்டத்துக்கு வருபவர்கள்தாம் குறைவு. வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஏனெனில் பேசச் சொல்லி நாங்கள் கேட்டதும் அரிது. ஆசிரியை வீடு வீடாகக் கேட்டுவரும் செய்திகளில், ஒரு வீட்டுக்கு மட்டும் உரியவற்றை விட்டுவிட்டு, கழிப்பறைத் தண்ணீர், பள்ளிக்கு வரும் வழியில் இருட்டு, மாலையில் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லாமை போன்ற பொதுவானவற்றை ஆகஸ்டுக் கூட்டத்தில் முதலில் எடுத்துக்கொள்வோம்.

முதல் புதன்கிழமை வடக்குத் தெருவில், தண்ணீர்த் தொட்டிக்கு அருகிலுள்ள வீடுகளிலிருந்து தொடங்குகிறார். அந்த நாள் உங்களுக்கு ஒத்துவராவிட்டால் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள், வேறு நாள் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் மட்டும் அன்று மாலை அதைக் கட்டிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியைக்கு வேறு எதற்கும் பயம் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியை